நாய்க்குட்டி வாங்கப் புறப்படுமுன்

சென்ற இரண்டு மாதங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் நான்கு நாய்க்குட்டியைப் பற்றியவை. பூஜை விடுமுறை நெருங்குகிறது. குழந்தைகள் விடாமல் நச்சரிக்கிறார்கள். எதை வாங்குவது என்று பெற்றோர் திகைக்கிறார்கள். லாப்ரடாரா, பொமரேனியனா, அல்லது ஊரிலிருந்து ராஜபாளையம் ஒன்றை வரவழைக்கலாமா என்பது நான்கு கடிதங்களுக்கும் பொதுவான வினா. விலை என்ன, நிறம் என்ன, ஆண் நல்லதா பெண் நல்லதா என்பன அடுத்த வினாக்கள். அந்தக் குட்டி பிறந்த நாள் முதல் இன்றுவரை எந்த இடத்தில், யாருடன் வளர்ந்தது என்னும் வினா நான்கில் ஒன்றில்கூட இல்லை. நம் அபிப்பிராயத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுவே. மற்றவற்றை அதன் பின் கேட்டுக்கொள்ளலாம்.

நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண் திறந்திருப்பதில்லை, காதும் கேட்பதில்லை. ஏறக்குறைய 2 வாரத்தில் கண் திறக்கிறது. 3 வாரம் நிறையும் தறுவாயில் காது கேட்கத் தொடங்குகிறது. அதுவரையில் தாயின் வயிற்றுச் சூடும் பாலின் மணமுமே அதன் உலகம். அப்போது தொடங்கி 12 அல்லது 14 வாரம் வரை, அது எவற்றையெல்லாம் கண்டும் கேட்டும் முகர்ந்தும் அச்சமின்றிப் பழகுகிறதோ அவையெல்லாம் வேண்டியவை என்று அதன் மனத்தில் பதிந்துவிடுகின்றன. அக்காலத்தில் கண்டறியாதவை பிற்பாடு எதிர்ப்படும்போது ஐயமும் அச்சமுமே உண்டாகின்றன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்வது ஆண்டுக் கணக்கு. நாய்க்கு அது வாரக் கணக்கு.

இது யாரோ நாய்ப்பிரியர் ஆசைக்குச் சொன்ன சொல் அன்று. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அங்கே ஸ்காட், புல்லர் என்னும் இரு அறிஞர்கள் 5 இனத்து நாய்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டனர். அதற்கு முன்பே, 1961-இல், ஃப்ரீட்மன், கிங், எலியட் என்னும் மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டிருந்தனர். உயரமான வேலி சூழ்ந்த மைதானத்தில் தாய் நாய்களோடு குட்டிகளை விட்டு, மனித சம்பந்தம் இல்லாமல் வளரச் செய்தார்கள். சில குட்டிகளை 2-ஆம் வாரத்திலும், சிலவற்றை 3, 5, 7, 9 ஆகிய வாரங்களிலும் வெளியே எடுத்து, ஒரு வார காலம் மனிதரோடு பழகவிட்டுத் திரும்பவும் வேலிக்குள் சேர்த்தார்கள். சிலவற்றை 14 வாரம் வரை எடுக்கவே இல்லை. பிறகு எல்லாவற்றையும் சோதித்தபோது, இடைப்பட்ட வாரங்களில் எடுக்கப்பட்டவை மனிதரிடம் இணங்கி வந்தன. 14 வாரம் வரை மனிதர் கைபடாதவையோ காட்டு மிருகம்போல் ஒதுங்கின. வேலியும் உணவும் ஒன்றே. வேற்றுமை ஒரே ஒரு வாரத்துப் பழக்கம்.

நாம் விஞ்ஞானம் கற்றவரல்லர். பார்சல் ஆபீசில் பேரேடு எழுதுபவர். ஆயினும் அந்த ஆபீசில் இருப்பவனுக்குப் பலவகை நாய்களைக் காணும் வாய்ப்பு உண்டு. கூண்டிலோ கார்டு வண்டியின் நாய்ப்பெட்டியிலோ வந்து இறங்கும் நாய்களில் சில, இருபது கூலிகளும் தள்ளுவண்டிகளும் ஒலிபெருக்கியும் சூழ்ந்த பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, கையெழுத்து வாங்க வந்த குமாஸ்தாவைப் பார்த்து வாலை ஆட்டும். சில கூண்டின் மூலையில் ஒடுங்கிப் பல்லைக் காட்டும். அச்சீட்டில் இனத்தின் பெயர் எழுதியிருக்கும். ஒரே இனத்தில் இரண்டு வகையையும் நாம் கண்டிருக்கிறோம். வளர்ந்த விதத்தை எழுதுவதற்கு அச்சீட்டில் இடம் இல்லை.

நிற்க. நம்மவர்கள் குட்டி வாங்கும் முறையைச் சற்றுப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் குழந்தையோடு போகிறார்கள். கூடையில் ஐந்தாறு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உறங்குகின்றன. கைக்குள் அடங்கும் சிறு குட்டியாகப் பார்த்துக் குழந்தை எடுத்துக்கொள்கிறது. “நாற்பத்தைந்து நாள் ஆகிவிட்டது, பாபு” என்று வியாபாரி சொல்கிறார். பெரும்பாலும் அது 30 நாளைத் தாண்டியிராது. குட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவில் விற்பனையாகிறது. வளர வளரத் தீனிச் செலவு ஏறுகிறது. ஆகையால் வியாபாரிக்கு அவசரம். 2017-ஆம் ஆண்டில் மத்திய அரசு பிறப்பித்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. இவ்விதி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாங்குபவன் கேட்டால்தானே விற்பவன் அஞ்சுவான்!

8 வாரம் என்று சட்டம் வகுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 4-ஆம் வாரம் முதல் 8-ஆம் வாரம் வரை குட்டிக்குத் தாயும் உடன்பிறப்புகளுமே ஆசான்கள். குட்டிகள் ஒன்றையொன்று கவ்வி விளையாடுகின்றன. ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது வீறிட்டுக் கத்தி விளையாட்டை நிறுத்திவிடுகிறது. மடியை வலிக்கக் கடித்தால் தாய் எழுந்து போய்விடுகிறாள். பல்லை எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி இவ்வாறுதான் கற்கிறது. 30 நாளில் பிரிக்கப்பட்ட குட்டி இப்பாடத்தைப் படிக்காமலே வீட்டுக்கு வருகிறது. பின்பு நம் குழந்தையின் விரலில் படிக்கிறது. “எங்கள் குட்டி மிகவும் கடிக்கிறது, என்ன செய்வது?” என்று கேட்கும் அன்பர்கள், அது எத்தனை நாளில் வீட்டுக்கு வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வயதை அறிய எளிய வழி வாயைத் திறந்து பார்ப்பதே. 8 வாரத்துக் குட்டிக்குப் பாற்பற்கள் 28-உம் ஏறத்தாழ முளைத்திருக்கும். முன்பற்கள் மட்டும் அரும்பிக் கடைவாய் ஈறு வெறுமையாக இருந்தால், வியாபாரி எந்தத் தெய்வத்தின்மேல் ஆணையிட்டாலும் நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் எங்கே போய் வாங்குவது? தாய் நாய் இருக்கும் இடத்துக்கே போக வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கவே கூடாது. எசமானர் அருகில் இருக்கும்போதே தாய் அந்நியரைக் கண்டு நடுங்கினாலும், ஓயாமல் சீறினாலும், குட்டிகளும் அதைப் பார்த்தே வளர்ந்திருக்கும். குட்டிகள் வளர்ந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். மொட்டைமாடிக் கூண்டில் காலையும் மாலையும் சோற்றுத் தட்டு வைக்க வரும் ஒரே ஆளைத் தவிர வேறு முகம் காணாத குட்டி ஒன்று. சமையலறை வாசலில், மிதித்துவிடாதபடி எல்லோரும் தாண்டித் தாண்டிப் போக, குக்கர் விசில் சத்தத்தையும் குழந்தைகளின் கூச்சலையும் கேட்டு வளர்ந்த குட்டி மற்றொன்று. முன்னதற்குப் பரம்பரைச் சான்றிதழும் பின்னதற்கு ஒன்றுமின்மையும் இருப்பினும், நாம் பின்னதையே எடுப்போம்.

குட்டிகளின் நடுவே தரையில் அமர்ந்து சற்று நேரம் சும்மா இருங்கள். எது தானாக வந்து முகர்ந்து பார்க்கிறது என்று பாருங்கள். கையிலுள்ள சாவிக்கொத்தைச் சற்றுத் தொலைவில் கீழே போடுங்கள். திடுக்கிடாத குட்டி கிடையாது. திடுக்கிட்டபின் அரை நிமிஷத்தில் திரும்பிவந்து அது என்னவென்று பார்க்கிறதா என்பதே கவனிக்க வேண்டியது. பிறகு கையில் எடுத்துக் காதையும் பாதத்தையும் வாயையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சிறிது திமிறி அடங்கினால் நன்று. மூலையில் போய்ப் பதுங்கியே கிடக்கும் குட்டியைக் கண்டு, “ஐயோ பாவம், இதற்குத்தான் நம் அன்பு வேண்டும்” என்று எடுத்துவருவது நம் பெண்மணிகளின் இயல்பு. அந்த இரக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அக்குட்டி வேண்டா. பொறுமையும் நேரமும் உள்ள, குழந்தைகள் வளர்ந்துவிட்ட ஒரு வீட்டுக்கு அது போகட்டும். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் பாயும் போக்கிரியும் இரண்டறைக் குவார்ட்டர்ஸுக்கு ஏற்றதன்று. நடுத்தரமானதே நலம். இச்சோதனை ஜாதகம் பார்ப்பது போன்றதன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் வயிற்றுவலியோடு இருந்த குட்டி மறுநாள் துள்ளக் கூடும்; முடிந்தால் இருமுறை போய்ப் பாருங்கள்.

ராஜபாளையத்தைப் பற்றிக் கேட்ட அன்பருக்கு ஒரு வார்த்தை. அது நமக்குப் பெருமை தரும் இனம் என்பதில் ஐயமில்லை. 2005-இல் தபால் இலாகா வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலைகள் நான்கில் ராஜபாளையமும் ஒன்று. வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனமாதலால் எசமானரோடு ஒட்டிக்கொண்டு பிறரை எளிதில் அண்டவிடாத குணம் அதற்கு உண்டு. தோப்பும் வயலும் உள்ள இடத்தில் அது நற்குணம். படிக்கட்டில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர் ஏறி இறங்கும் அடுக்கு வீட்டில் அதே குணம் ஆபத்தாக முடியும். இத்தகைய இனத்துக்கு இளமைப் பழக்கம் மற்ற இனங்களைக் காட்டிலும் இரு மடங்கு தேவை. தோட்டத்து வீட்டில் நான்கு மாதம் வரை வளர்ந்த ஒன்றை மாமா பரிசாக அனுப்புகிறார் என்றால், நன்றி கூறி மறுத்துவிடுவதே நல்லது. வெண்ணிறத்தோடு தொடர்புடைய பிறவிச் செவிட்டுத்தன்மையும் இவ்வினத்துக் குட்டிகள் சிலவற்றுக்கு உண்டு. ஆகவே குட்டியின் பின்புறம், அது பார்க்காத இடத்திலிருந்து, ஒரு டம்ளரைத் தட்டிப் பார்த்துவிட்டே எடுங்கள். பிரயாணம் வேறு இருக்கிறது. சென்னையிலிருந்து ஹௌராவுக்கு மெயில் வண்டியில் ஒரு பகலும் ஓர் இரவும் போதா. 8 வாரத்துக் குட்டியை, அச்சம் மிக எளிதில் பதியும் அப்பருவத்தில், இருட்டு நாய்ப்பெட்டியில் தனியே அடைத்து அத்தனை தொலைவு கொண்டுவருவதை, அத்தொழிலில் இருந்துகொண்டே நாம் சிபாரிசு செய்ய மாட்டோம்.

நம் காலனிகளில் கைக்கெட்டும் தூரத்திலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. அதைப் பலர் எண்ணுவதில்லை. படிக்கட்டின் கீழும் சைக்கிள் கொட்டகையிலும் ஆண்டுதோறும் குட்டி போடும் தெரு நாய்களைத்தான் சொல்கிறோம். அக்குட்டிகள் கண் திறந்த நாள் முதல் மனிதர், சைக்கிள், ரிக்‌ஷா, குடை, செருப்பு எல்லாவற்றையும் பார்த்து வளர்கின்றன. இந்த மண்ணின் வெயிலும் மழையும் அவற்றின் உடம்புக்கு ஒத்தவை. நம் பகுதியில் ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு நாய் அத்தகையதே. பெரியவரிடம் ஒரு முறை, “எப்படி ஐயா இவ்வளவு சாதுவாக வளர்த்தீர்கள்?” என்று கேட்டோம். “நான் எங்கே தம்பி வளர்த்தேன்? அதன் அம்மாதான் வளர்த்தாள். நான் அவளுக்குச் சோறு போட்டேன்” என்றார். குட்டிகள் பிறந்த மறுவாரம் முதல் தாய்க்கு அவர் நாள்தோறும் உணவு வைத்திருக்கிறார். தாய்க்கு நம்பிக்கை வந்தபின், மூன்றாவது வாரத்திலிருந்து, பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய் நாளுக்குப் பத்து நிமிஷம் குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்கியிருக்கிறார். 8 வாரம் ஆன பின்பே ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். காசு செலவில்லாத இந்த முறையைவிடச் சிறந்ததை நாம் எந்த ஊரிலும் காணவில்லை. தாயையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வித்தது அவருடைய தர்மம்.

குட்டி வீட்டுக்கு வந்தாயிற்று. இனித்தான் பெரிய சங்கடம். பார்வோ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய் 1978-ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் பரவியது. இன்றும் குட்டிகளைக் கொல்கிறது. அதற்குரிய தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறையாக 16 வாரம் வரை போட வேண்டும். “ஊசி முடியும் வரை கீழே விடாதீர்கள்” என்று டாக்டர் சொல்கிறார், சரியான சொல்தான். நம்மவர்களோ அதை “அறைக்குள் பூட்டி வையுங்கள்” என்று பொருள் கொண்டுவிடுகிறார்கள். 16 வாரம் கழித்துக் கதவைத் திறக்கும்போது, நாம் மேலே கூறிய பழக்கக் காலம் முடிந்துபோயிருக்கிறது. நோயும் இல்லை, பழக்கமும் இல்லை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இவ்வாறே நடந்தது. அழகான குட்டி, நல்ல விலை, நான்கு மாதம் படுக்கையறையில் ராஜபோகம். வெளியே வந்த முதல் நாள் குடை பிடித்த ஒரு முதியவரைக் கண்டு கட்டிலடியில் புகுந்துகொண்டது. ஓராண்டில் அச்சம் கோபமாக மாறியது. வீட்டு மனிதர் நால்வரைத் தவிர எவரும் உள்ளே நுழைய முடியவில்லை. ஊரிலிருந்து பாட்டி வந்தால் நாயைக் குளியலறையில் அடைக்க வேண்டும். கடைசியில் அடுத்த வீட்டுச் சிறுவன், பந்தை எடுக்க வந்தவன், கையில் கடிபட்டான். அந்த நாயைக் கொடியது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் அதைவிடப் பயங்கொள்ளி அத்தெருவில் இல்லை. நாய்க்கடிகளில் பல, பயந்த நாயின் கடிகளே.

இதற்கு வழி என்ன? கீழே விடாமல் தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா! குட்டியைத் தோளிலோ, காய்கறிப் பையிலோ வைத்துக்கொண்டு மாலையில் பஸ் நிறுத்தத்துக்கு அருகில் பத்து நிமிஷம் நில்லுங்கள். லெவல் கிராசிங்குக்குச் சற்றுத் தள்ளி நின்று இரண்டு லோக்கல் வண்டிகள் போவதைக் காட்டுங்கள். தெரு நாய்கள் திரியும் மண்ணில் மட்டும் விட வேண்டா. தடுப்பூசி போட்ட, நல்ல குணமுள்ள நாய் வளர்க்கும் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களில் விலங்கின் நடத்தையை ஆராய்வோர் சங்கம் 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் ஆனபின், 7 அல்லது 8 வாரத்திலேயே, தூய்மையான இடத்தில் மற்றக் குட்டிகளோடு பழகவிடலாம் என்று கூறியிருக்கிறார்கள். உங்கள் பகுதியில் நோய் எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரே அறிவார். அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

எவற்றையெல்லாம் காட்டுவது? வாழப்போகும் வாழ்வில் எவை எதிர்ப்படுமோ அவற்றையெல்லாம். தாடி வைத்தவர், தலைப்பாகை கட்டியவர், பர்தா அணிந்தவர், ஹெல்மெட் போட்டவர், தடி ஊன்றி நடப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், தவழும் குழந்தை, தோளில் காஸ் சிலிண்டரோடு வருபவர், தபால்காரர், குப்பை வண்டிக்காரர். பிறகு சத்தங்கள்: நம் வீட்டு மிக்ஸி, கிரைண்டர், குக்கர், வெளியே ஷண்டிங் எஞ்சினின் ஊதல், சித்திரை வைகாசி மாலைகளில் இடியோடு அடிக்கும் கால்பைசாகிப் புயல், பூஜைப் பந்தலில் முழங்கும் டாக் மேளம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காளி பூஜையிரவு வெடிகள். வழவழப்பான தரை, இரும்புப் படிக்கட்டு, லிப்ட் ஆகியவையும் குட்டிக்குப் புதியவையே.

மொழியைப் பற்றி ஓர் அன்பர் வேடிக்கையாகக் கேட்டிருந்தார். வீட்டில் தமிழ், வாசலில் வங்காளி, பால்காரரிடம் ஹிந்தி என்றால் குட்டி குழம்பாதா என்று. நம் குழந்தைகள் குழம்புகின்றனவா? எல்லோரும் ஒரே கட்டளைச் சொல்லைப் பயன்படுத்தினால் போதும். “உட்கார்” என்று அப்பாவும் “குந்து” என்று பாட்டியும் “போஷ்” என்று அடுத்த வீட்டுப் பையனும் ஒரே நாளில் சொல்லிக் கற்பிக்க வேண்டா. ஒன்றைக் கற்றபின் மற்றவை தாமே வரும்.

காட்டும் முறை காட்டும் பொருளைவிட முக்கியமானது. பழக்கம் என்ற பெயரால் பயத்தை ஊட்டிவிடுவோரும் உண்டு. 10 வாரக் குட்டியைக் காளி பூஜையிரவில் வாசலுக்குத் தூக்கிவந்து, “பழகட்டும்” என்று வெடிகளின் நடுவே நிறுத்தினார் ஒருவர். அது பழகியது, எதை அஞ்ச வேண்டும் என்பதை வாழ்நாள் முழுமைக்குமாகப் பழகிக்கொண்டது. புதியதைத் தொலைவிலிருந்து, சிறிய அளவில் காட்ட வேண்டும். குட்டி தானே நெருங்க விரும்பினால் நெருங்கட்டும். பின்வாங்கினால் நாமும் பின்வாங்க வேண்டும். அவ்வேளையில் வேகவைத்த கோழித் துண்டோ, பனீர்த் துணுக்கோ, சைவ வீடாயின் இட்லித் துண்டோ கையில் இருக்கட்டும். வெடிச் சத்தத்தைக் கைப்பேசியில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒலிக்கவிட்டுச் சோறு வைக்கலாம். நாளடைவில் சற்றுச் சற்றாக ஏற்றலாம். நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். மீதி நேரம் குட்டி உறங்கட்டும். அதற்கு உறக்கம் மிக அதிகம் தேவை. உறங்கும்போதும் உண்ணும்போதும் அதைத் தொடலாகாது என்பதைக் குழந்தைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையையும் நாயையும், நாய் எவ்வளவு சாதுவாயினும், தனியே விட்டுப் போகக் கூடாது.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். “குட்டிதானே, பல் பட்டால் என்ன?” என்று பலர் அலட்சியம் செய்கிறார்கள். வெறிநோய் குட்டிக்கும் வரும். குட்டியிடமிருந்தும் மனிதருக்கு வரும். குறி தோன்றியபின் மருந்து இல்லை. ஊசி போடாத குட்டி கடித்தாலோ, இரத்தம் வரக் கீறினாலோ, அவ்விடத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிஷம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். பின்னர் டாக்டர் குறிக்கும் தேதிகளில் தவறாமல் திரும்பப் போட வேண்டும்.

ஏற்கெனவே வளர்ந்துவிட்ட, பயந்த சுபாவமுள்ள நாயை வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டா. அதே முறையை அவற்றுக்கும் கைக்கொள்ளலாம். குட்டிக்கு ஒரு வாரத்தில் ஆவது அவற்றுக்கு ஆறு மாதம் ஆகும். சிலவற்றில் அரைப் பலனே கிட்டும். அடித்துத் திருத்த முயல்வது மட்டும் கூடாது. பயத்தோடு வலியும் சேர்ந்தால் நாய் எச்சரிக்கை உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்கிறது.

இத்தனையும் நாம் விரித்துரைப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்கள். ஆர்டர் வந்தால் இரண்டு வாரத்தில் மூட்டை கட்ட வேண்டும். ஒவ்வொரு மாற்றல் காலத்திலும் காலனி வாசலில் கழுத்துப்பட்டையோடு ஒரு நாய் புதிதாகத் திரிவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். பூட்டிய வீட்டின் படியில் சில நாள் படுத்திருக்கும். பிறகு தெரு நாய்கள் விரட்டிவிடும். வளர்ப்பு மிருகத்தை இப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் விட்டுப் போகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர் அல்லர். உடன் அழைத்துப் போகலாமென்றால் அந்த நாய் ரயிலைக் கண்டே நடுங்குகிறது. வேறு வீட்டில் ஒப்படைக்கலாமென்றால் எவரையும் அண்டவிடுவதில்லை. எஞ்சின் டிரைவர் வீட்டு நாயை நாளையே யாரிடமாவது ஒப்படைக்க நேர்ந்தால் ஐந்து வீட்டார் போட்டியிடுவார்கள். படுக்கையறையில் வளர்ந்த அந்த மற்றொரு நாயை எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை.

இனி, நான்காவது கடிதத்துக்கு விடை. 35 நாள் ஆன குட்டியை இந்த ஞாயிறே எடுத்துக்கொண்டு போகும்படி தெரிந்த ஒரு வீட்டார் வற்புறுத்துகிறார்கள் என்று அந்தச் சகோதரி எழுதியிருக்கிறார். முன்பணம் வேண்டுமாயின் கொடுத்துவிடுங்கள், அம்மா. குட்டி இன்னும் மூன்று வாரம் தாயிடமே இருக்கட்டும். அந்த மூன்று வாரமும் ஞாயிறுதோறும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய், அரை மணி நேரம் குட்டியோடு தரையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டுப் பழந்துணி ஒன்றைக் குட்டிகளின் படுக்கையில் போட்டு வையுங்கள். வீட்டுக்கு வரும் நாளில் தாயின் மணத்தோடு அத்துணியும் கூட வரட்டும். முதல் மூன்று நாள் இரவில் அழும். அதை வராந்தாவில் தனியே விடாமல், உங்கள் படுக்கைக்கு அருகில் ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பசும்பால் வேண்டா, வயிற்றுக்கு ஒவ்வாது. அவர்கள் வீட்டில் என்ன கொடுத்து வந்தார்களோ அதையே ஒரு வாரம் கொடுங்கள்.